மைனியின் வலது கை

“ஒனக்கு அது எதுக்குட்டி? வாடகைக்கு வந்தவ கெணத்துல வெள்ளம் உண்டா, அடுக்களையில பொகை வெளிய போவுதான்னு பாக்கணும். கெணத்தடித் தறையில என்ன கிறுக்கிக் கிடக்குன்னு பாக்க ஒன்ன ஆரு சொன்னா? வந்து பத்து நாளு ஆவல்ல, அதுக்குள்ள எல்லாம் தெரியணும்.”

புதிதாகக் குடிவந்த பெண்ணிடம் இப்படித்தான் எரிந்து விழுந்தேன். அவள் அசரவில்லை. தேங்காய் நாரும் கம்பி பிரஷும் போட்டுத் தேய்த்துவிட்டாளாம். போகவில்லை, அதனால்தான் கேட்டாளாம். சிமென்ட் ஈரமாக இருக்கும்போது விழுந்தது தேய்த்தால் எப்படிப் போகும். முதலில் ஒரு கொக்கி, அப்புறம் நாலைந்து வளைவு, கடைசியில் ஒரு நீண்ட வால். வால் வலது பக்கம் ஓடி, மனசு மாறின மாதிரி திரும்பி, வந்த வழியிலேயே அடியில் கோடு இழுத்து இரண்டு புள்ளியோடு நிற்கும். அது மைனியின் கையெழுத்து.

மைனி என்றால் என் பெரியப்பா மகனின் பெண்டாட்டி. பேர் சொல்லமாட்டேன். அவள் பேரை அவளே எழுதியெழுதித்தான் இவ்வளவும் வந்தது. நானும் ஒரு தடவை சொல்லிவைக்க வேண்டாம்.

அவளுடைய வலது கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கோயிலில் போதகர் பிரசங்கம் பண்ணும்போது மடியில் கிடக்கிற கை, ஆள்காட்டி விரலால் சேலைமேல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும். முறத்தில் பரத்தின புட்டுமாவில் போடும். மழைக்காலத்தில் நெய்யாற்றின்கரைக்குப் பஸ்ஸில் போனால், மூச்சுப் படிந்த கண்ணாடியில் போடும். முகம் வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருக்கும், கை தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். ஆரம்பத்தில் எனக்கு அது பெரிய வேடிக்கை. பிரசங்கத்தைக் கையொப்பம் போட்டு வாங்கியாச்சா என்று காதோரம் கேட்பேன். அவள் குனிந்து, அந்தக் கையை அப்போதுதான் முதலில் காண்கிற மாதிரி பார்த்துவிட்டு, சேலைத்தலைப்பால் மூடுவாள்.

எனக்கு எழுத்து வராது. வீட்டாரைத் தவிர இது யாருக்கும் தெரியாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். பாட்டுப் புத்தகத்தை அட்டையில் இருக்கிற சிலுவை நேராக வருகிற மாதிரி பிடித்துக்கொள்வேன். பாட்டெல்லாம் மனப்பாடம். யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் என் கண்ணாடி வீட்டில் இருக்கும். கண்ணாடி மூக்கிலேயே இருக்கும்போது நீட்டிவிட்டால், கழற்றித் துடைக்க ஆரம்பிப்பேன். நான் துடைத்து முடிப்பதற்குள் நீட்டினவரே வாசித்துச் சொல்லிவிடுவார். ஒரு வருஷம் பெண்கள் சங்கத்துக்கு என்னைச் செக்ரட்டரியாகப் போடக்கூடப் பார்த்தார்கள்.

கண்டுபிடித்தது மைனி ஒருத்திதான். எல்லாரும் பக்கம் திருப்பின பிறகு நான் திருப்புகிறேன் என்பதை வைத்துக் கண்டுபிடித்தாள். சிரிக்கவில்லை, வெளியே சொல்லவும் இல்லை. ஒரு நாள் மாவு முறத்தை என் முன்னால் இழுத்து வைத்தாள்.

“ஒரு ஒப்பு மட்டுமாவது படிச்சுக்கோ பிள்ளே. எங்க போனாலும் பெருவிரல நீட்டிகிட்டு நிக்கப்பிடாது.”

என் விரலைப் பிடித்து மாவில் ஓட்டினாள். கொக்கி, வளைவு, வால். அடுப்பில் ஏதோ பொங்கவே அந்தப் பக்கம் திரும்பி ஊதப் போனாள். அவள் திரும்பிவிட்டாள், அவள் கை திரும்பவில்லை. என் விரலை இழுத்துக்கொண்டே போய் இரண்டு புள்ளியும் வைத்தது. ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, எனக்குப் பெருவிரல் போதும், அதற்கு ஸ்பெல்லிங் கிடையாது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அண்ணன், அதாவது அவள் வீட்டுக்காரன், அமரவிளைப் பக்கம் ரோட்டோரமாக முற்றத்தில் பதிக்கிற இன்டர்லாக் சிமென்ட் கட்டைக் கம்பெனி வைத்திருந்தான். பெண்கள் பேரில் லோன் லேசாகக் கிடைக்கும் என்று கம்பெனி, பேங்க் கணக்கு, செக் புக் எல்லாம் மைனி பேரில். அவள் அந்தக் கம்பெனிக்குள் இரண்டு தடவை போயிருந்தால் அதிகம். சிமென்ட் கொடுக்கிறவருக்கும் கல்பொடி இறக்குகிறவருக்கும் உறுதிக்கென்று ஒன்றும் எழுதாத செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். தேதி, தொகை எல்லாம் வெள்ளையாகவே இருக்கும். பணம் வராவிட்டால் வாங்கினவர் எழுதிக்கொள்ளலாம். அண்ணன் காலையில் செக் புக்கைக் கொண்டுவந்து அடுக்களைத் திட்டில் மாவுச்சட்டி பக்கத்தில் வைப்பான். மைனி தோசையைத் திருப்பிப் போட்டு, கையைத் துவர்த்துத் துண்டில் துடைத்துவிட்டு, குனியாமலே போடுவாள். கண் தோசையில் இருக்கும். எத்தனை போட்டாள் என்று அவளுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கம்பெனி ஒரு மழைக்காலத்தில் படுத்தது. கட்டை வாங்கின காண்ட்ராக்டர் பணம் தரவில்லை, அண்ணன் சிமென்ட்டுக்குக் கொடுக்கவில்லை. வெள்ளைச் செக்குகளில் எல்லாம் தொகை ஏறியது. ஒன்றொன்றாகப் பேங்குக்குப் போய்ப் பணமில்லை என்று திரும்பி வந்தன. பதினைந்து நாளில் கட்டு என்று வக்கீல் நோட்டீஸ்கள் வந்தன, எல்லாம் மைனி பேருக்கு. அண்ணன் பயப்படாதே என்றான். பாப்பர் ஹரஜி கொடுக்கலாம் என்றான். கையில் ஒன்றும் இல்லை, உள்ளதை எடுத்துக்கொண்டு என்னை விடுங்கள் என்று கோர்ட்டில் கொடுக்கிற மனு அது. நாகர்கோவில் பக்கம் மஞ்சள் கடுதாசி என்பார்கள்.

மைனி அந்த உத்தரவுக்காகக் காத்திருந்த மாதிரி யாரும் எதற்கும் காத்திருந்து நான் கண்டதில்லை. வீடு, வண்டி, மெஷின் எல்லாம் கோர்ட்டுக்குப் போயிற்று. கிணற்றடி பக்கத்தில் இருக்கிற என் சின்ன வீட்டுக்குக் குடிவந்தார்கள். இப்போது இந்தப் பெண் இருக்கிற அதே வீடுதான். உத்தரவு வந்த அன்று மைனி அடைப்பிரதமன் வைத்தாள். எல்லாம் போனதற்குப் பாயசம் வைத்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து தந்தாள்.

“இனி எனக்க பேருல ஒண்ணும் இல்ல பிள்ளே. கோர்ட்டே எழுதித் தந்தாச்சு.”

அடுத்த வாரம் செக் கேசில் சம்மன் வந்தது.

நெய்யாற்றின்கரையில் வக்கீலைப் பார்க்க நானும் கூடப் போனேன். கோர்ட் பக்கத்துக் கடையில் பழம்பொரி நன்றாக இருக்கும். வக்கீல் நல்ல மனுஷன், எதையும் புரிகிற மாதிரி சொல்கிறவர். கோர்ட்டே என்னைப் பாப்பர் என்று சொன்ன பிறகு இது என்ன என்று மைனி கேட்டாள். அப்போதும் அவள் கை, மேசைக் கண்ணாடிமேல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. வக்கீல் பேனாவால் அதைக் காட்டினார்.

“கடன் வேற, செக்கு வேற, சேச்சி. கடனுக்குப் பாப்பர் விதி உண்டு. செக்கு மடங்கினா அது கிரிமினல் கேஸாக்கும். பாப்பர்னு சொல்லி அதுலேருந்து தப்ப முடியாது. கம்பெனி ஆரு நடத்தினா, பணம் ஆரு தின்னான்னு சொல்லீட்டும் காரியமில்ல. ஒப்பு போட்ட கை எதோ, அந்தக் கைதான் குற்றவாளி.”

அண்ணன் அந்த நேரம் வராந்தாவில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தான். அவன் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் இல்லை.

வக்கீல் சொன்னதை வேறு யாராவது கேட்டிருந்தால் பேச்சுக்குச் சொன்னது என்று விட்டிருப்பார்கள். மைனி சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வலது கையை என்மேல் படாமல் ஜன்னல் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை சிவப்புக் கரைத் துவர்த்தால் இறுக்கிச் சுற்றியிருந்தாள். பல்லால் இழுத்து முடிந்திருந்தாள். கைக்கு என்ன என்று கேட்டேன்.

“கைக்கு ஒண்ணும் இல்ல. அதாக்கும் செய்தது. அது இனி வெளிய வரப்பிடாது.”

வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படியானால் அதை மட்டும் கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டுவிட்டு நீங்கள் வீட்டுக்கு வந்துவிடலாமே என்றேன். அவள் கட்டைத் தடவிக்கொண்டு, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“கோர்ட்டு என்ன விட்டாச்சு பிள்ளே. இத விடல்ல.”

அன்றிலிருந்து எல்லாம் இடது கைதான். இடது கையால் இறைத்தாள், இடது கையால் தின்றாள், விளம்பினாள். இடது கையால் விளம்புகிற சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று அண்ணன் பெருங்கடவிளையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டான். கேஸ் நாளுக்கு மட்டும் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவான். திருவிருந்தில் அப்பத்துக்கு இடது கையை நீட்டினாள். போதகர் வலது கை வரும் என்று அப்பத்தோடு நின்றார். பின்னால் வரிசையும் நின்றது. கடைசியில் அவர்தான் தோற்றார். காலையில் கட்டு தளர்ந்தால் இறுக்கிக் கட்டுவது என் வேலையாயிற்று. நானும் முதலில் அதை விளையாட்டாகத்தான் செய்தேன்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கூத்து நடந்தது. வாழைக்குலை, சேனை, தேங்காய் என்று ஜனங்கள் கொண்டுவந்து வைப்பதைக் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஒரு சிவப்புக் கோழி வந்தது. விலை ஏறிக்கொண்டு போகும்போது என் பக்கத்தில் துவர்த்து சுற்றின கை மேலே எழும்பியது. ஏலம் விட்டவருக்கு அது யார் கை என்று தெரியவில்லை, விலையைக் கூட்டினார். மைனி இடது கையால் அதைப் பிடித்து மடியில் அமுக்கினாள். மறுபடியும் எழும்பியது. கோழி எங்கள் தலையில் விழுந்தது. பாப்பருக்குக் கோழிக்கறி கேட்குது என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, முற்றம் முழுக்கச் சிரித்தது. பணம் நான்தான் கொடுத்தேன், கறியும் நான்தான் தின்றேன். ஆனால் தின்னும்போது அவளுடைய இடது கைதான் கண்ணில் நின்றது. நரம்பெல்லாம் புடைத்து, இன்னொருத்தரைப் பிடித்து அடக்குகிற மாதிரி இருந்தது அந்தப் பிடி.

ஜாமீன் எடுத்த நாளைச் சொல்ல விட்டுவிட்டேன். கோர்ட்டில் கிளார்க் ஒரு ஜாமீன் கடுதாசியை நீட்டினார். மைனி இடது கையால் பேனாவைப் பிடித்து ஒன்றாம் கிளாஸ் பிள்ளை மாதிரி எதையோ கிறுக்கினாள். இதல்ல சேச்சி, செக்கில் போட்டது மாதிரி போடணும் என்றார் அவர். என்னிடம் அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்தேன். அவள் முகத்தை மேலே ஃபேனைப் பார்த்துத் திருப்பிக்கொண்டாள். கை தனியாகப் பேனாவை எடுத்தது. கொக்கி, வளைவு, வால், இரண்டு புள்ளி. கோடு பிசகவில்லை. அதோடு நிற்கவில்லை. அடுத்த தாளுக்குப் போயிற்று, அதிலும் போட்டது. கிளார்க்கின் ரிஜிஸ்டர் பக்கத்தில் திறந்திருந்தது, அதன் ஓரத்திலும் போட்டது. மைனி இன்னும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிடித்துச் சுற்றிக் கட்டினேன். துவர்த்துக்குள் அது, பிடித்துவைத்த கோழி மாதிரி துடித்தது.

இனி இந்தக் கிணற்றடித் தரைக்கு வருகிறேன். பழைய தரை வெடித்துப்போய்விட்டது என்று ஒரு நாள் புதிதாகப் போட்டேன். கொத்தனார் காலையிலேயே வழித்துச் சமப்படுத்திவிட்டுப் போனார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மைனி உள்ளே பாயில் உறங்கினாள். அன்று கட்டினது நான், மூன்று சுற்றும் இரட்டை முடிச்சும். நான் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என்னைத் தாண்டாமல் கிணற்றடிக்குப் போக வழியே கிடையாது. கீரை ஆய்ந்து முடித்து எழுந்து பார்த்தால், தரைக்கு நட்ட நடுவில் கையெழுத்து கிடக்கிறது. மிதிக்காமல் எட்ட முடியாத இடம். ஒரு கால்தடம்கூட இல்லை.

உள்ளே போனேன். மைனி வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள். என் முடிச்சு என் முடிச்சாகவே இருந்தது. விரல்நுனிப் பக்கம் துவர்த்தைக் கொஞ்சம் விலக்கினேன். நகத்துக்குள் சிமென்ட், காயாமல் பச்சையாக இருந்தது.

அன்றோடு நான் அவளைக் கேலி பேசுவதை நிறுத்தினேன். அவள் எழுந்து வந்து தரையை வெகுநேரம் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

“சிமென்ட் கடைக்காரன்ட்ட இன்னும் எத்தன செக்கு இலை எழுதாமக் கிடக்கோ. நான் போனா கேஸும் போவும்னு வக்கீல் சொன்னாரு. இதுவும் எனக்க கூட வந்திருமான்னு கேட்டேன். அவரு ஃபைல மூடி வச்சாரு. நீ ஒண்ணு செய்யணும் பிள்ளே. எனக்க கைக்கெட்ட அவுக்காம என்ன அடக்கணும்.”

சரி என்றேன். சும்மா சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னேன்.

கேஸ் அவதிக்குமேல் அவதியாக, அதாவது வாய்தாவுக்குமேல் வாய்தாவாகப் போயிற்று. தீர்ப்புக்கு நாள் குறித்திருந்தது. ஜெயிலில் இடது கையால் தின்றால் அடிப்பார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தீர்ப்பு வருவதற்குள் ஒரு காலையில் துணி துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மார்படைப்பு என்றார்கள்.

எங்கள் பக்கம் பெட்டியில் வைக்கும்போது கைக்கும் காலுக்கும் வெள்ளை உறை போடுவார்கள். கோயில் பெண்கள் கொண்டுவந்தார்கள். துவர்த்துக்குமேல் உறை ஏறவில்லை. பெட்டிக்குள்ளே அடுக்களைத் துவர்த்தோடா அனுப்புவது என்று ஒருத்தி கேட்டாள். இனி என்ன கேஸ், அவுத்துவிடு என்று அண்ணனும் அழுதான். வீடு நிறைய ஆள். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொன்ன வாக்கைச் சொன்னால் கிழவிக்குக் கிறுக்கு என்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு, இரண்டு முடிச்சையும் நான்தான் அவிழ்த்தேன். உள்ளே விரல்கள் வெளிறி, பச்சைப்பிள்ளைக் கை மாதிரி மெத்தென்று இருந்தன. இடது கைக்கு உறை போட நாங்கள் இரண்டு பேர் மல்லுக்கட்டினோம். வலது கைக்கு அது வழுக்கிக்கொண்டு தானே ஏறிற்று.

மூடுவதற்குமுன் கடைசியாகப் பார்த்தேன். வலது உறையின் ஆள்காட்டி விரல் நுனியில் நீலமாக ஒரு புள்ளி. ஒரு ரோஜாவை நகர்த்தி அதை மறைத்தேன்.

வக்கீல் மரணச் சான்று கொடுத்து, கேசெல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தது. அண்ணன் பெருங்கடவிளையிலேயே தங்கிவிட்டான். இந்த வீட்டைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நாலு மாதம் கழிந்து வக்கீல் என்னைக் கூப்பிட்டுவிட்டார். சிமென்ட் கடைக்காரர் மேசையில் இன்னொரு செக் இலை அகப்பட்டதாம். ஆள் செத்தது தெரியாதென்று சொல்லி, தேதி எழுதிப் பேங்கில் போட்டிருக்கிறார். திரும்பியிருக்கிறது. மைனி பேருக்கு இந்த வீட்டு விலாசத்தில் ரெஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். செத்தவள்மேல் கேஸ் நிற்காது, அது ஒன்றுமில்லை என்றார் வக்கீல். ஆனால் தபால் கிடைத்தது என்று கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பிப் போயிருக்கிறதே, அதை வாங்கியது யார் என்று கேட்டார். அட்டையின் நகலை என் முன்னால் வைத்தார். எனக்கு இந்த உலகத்தில் வாசிக்கத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்றுதான். அதுதான் அந்த அட்டையில் இருந்தது. இரண்டு புள்ளியும் இருந்தது.

வக்கீல் என் முகத்தைப் பார்த்துவிட்டு நகலைக் கேஸ் கட்டுக்கு அடியில் செருகி, இதை இனி யாரிடமும் பேச வேண்டாம் என்றார்.

வக்கீல் வாயை மூடச் சொல்லலாம், தபால்காரி வாயை யார் மூடுவது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள், ஸ்கூட்டரில் வருகிறவள். பகல் பதினொரு மணிக்கு இந்த வீட்டுக் கதவைத் தட்டினாளாம். ஜன்னல் பாதி திறந்ததாம். ஆளைக் காணவில்லை, கை மட்டும் கம்பிக்கு வெளியே வந்து, அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தபாலை வாங்கிக்கொண்டதாம்.

“வெள்ளக் கையுறை இட்டிருந்து. தீயில கை பொள்ளினதாக்கும்னு நான் நெனச்சேன்.”

இது ஊர் முழுக்கப் பரவிற்று. பெண்கள் கோயிலுக்கு வயல்வழி சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். என் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரிகள் பைப்புத் தண்ணீர் போதும் என்றார்கள். வாடகைக்குக் கேட்டு வந்தவர்களைச் சந்தியிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினார்கள்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் முற்றத்தில் நிற்கும்போது, அயல்வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“எனக்க வீடு, எனக்க சாவி. தபாலு வந்தா நான் வாங்காம வேற ஆரு வாங்குவா? அண்ணைக்கு வெள்ள அடிக்க உள்ள நிண்ணேன், சுண்ணாம்பு பொள்ளாம இருக்கக் கையுறை போட்டிருந்தேன். மைனிக்க ஒப்பு பாத்துப் பாத்து எனக்கும் படிஞ்சாச்சு. அந்தப் பிள்ளையக் கொஞ்சம் பயங்காட்டலாம்னு நாந்தான் போட்டேன்.”

எல்லாருக்கும் மூச்சு வந்தது. செத்தவளை வைத்து விளையாடுகிறாயே, உனக்கு வயசுக்குத் தகுந்த புத்தி இல்லையா என்று வாயாரத் திட்டினார்கள். அடுத்த நாளே ஒருத்தி குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். அங்கே கிடந்த கையெழுத்தைக் குனிந்து பார்த்து, வாலும் புள்ளியும் அச்சு அசலாக எப்படித்தான் உனக்கு வந்ததோ, நல்ல கையெழுத்து என்று பாராட்டவும் செய்தாள்.

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.